மாமா கொண்டுவந்த பவர்பாங்க்

"மாமா தந்த பவர்பாங்க் நேற்றுப் பின்னேரம் கையிலை பிடிக்கேலாத சூடு அம்மா" என்று மகள் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, அறையில் கூட இருக்கிற பிள்ளைக்குத் தடிமனும் தும்மலும், சோதனைக்குப் படிக்க ஒரு புத்தகம் கிடைக்கவில்லை என்று வேறு கதைக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. அந்தச் சூட்டிலேயே நின்றுவிட்டேன்.

"எங்கை வைச்சுப் பிள்ளை அதை சார்ஜ் போடுறனி?"

"கட்டிலிலைதான். வயர் கட்டை. தலைமாட்டிலை வைச்சாத்தான் எட்டும்."

அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒன்றும் என் காதில் ஏறவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவள் இருக்கிற அறையை நான் கண்டிருக்கிறேன். மேல்மாடி. மூன்று கட்டில், மூன்று பஞ்சு மெத்தை, யன்னலுக்கு நைலோன் சீலை, இறங்க ஒரேயொரு மரப்படி. கம்பசுக்குக் கிட்ட என்று ஆசைப்பட்டு எடுத்த அறை. அதை எடுக்கும்போது தண்ணீர் வருமா, கதவுக்கு உள்கொக்கி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தேன். நெருப்பைப் பற்றி நினைக்கவில்லை. நெருப்பைப் பற்றி நினைக்காத நாளே இல்லாத நான், அன்றைக்கு மட்டும் நினைக்கவில்லை.

எனக்குப் பயம் கூடப்பிறந்தது. என் மனுசன் தோட்டத்தில் மருந்தடிக்கிற மெஷினுக்குள்ளும் ஒரு பற்றறி இருக்கிறது. அதைச் சார்ஜில் போட்டால் நான் விறாந்தையை விட்டு அசையமாட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாலும் இடையில் எழும்பி வந்து அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவேன். "அதுக்கென்ன காய்ச்சலே?" என்று இவர் சிரிப்பார். சிரிக்கட்டும். போன வருசம் இவர் அதற்கு மலிவாய் ஒரு பற்றறி வாங்கிப் போட்டு, அது ஒரு போகம் முடிய முன்னமே வீங்கிப்போனதைக் கண்டு சொன்னவள் நான்தானே.

ஆனால் பவர்பாங்கைப் பற்றி இவரிடம் சொன்னபோது இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கத்தரிக்கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா இரப்பா. அது கனடாச் சாமான்."

"கனடாச் சாமான் சூடாகாதோ?"

"ஆகும். வெடிக்காது."

இந்த நம்பிக்கை இவருக்கு மட்டுமென்று இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இருக்கிறது. சந்தையில் ஒரு ரோச் லைற் வாங்கினால் போட்டுப் பார்ப்போம், தட்டிப் பார்ப்போம், கடைக்காரனோடு சண்டை பிடிப்போம். வெளிநாட்டிலிருந்து வந்த சூட்கேசுக்குள்ளிருந்து எடுத்துத் தந்தால் இரண்டு கையாலும் வாங்குவோம். எங்கே வாங்கினது, என்ன விலை என்று கேட்கிறது மரியாதையில்லை. கேட்டால் தந்தவரைக் கள்ளனாக்கின மாதிரி.

கனடாவில் இருக்கிற என் அண்ணை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோதும் அப்படித்தான். வருவதற்கு ஒரு மாதம் முன்னமே "பிள்ளைக்கு என்ன வேணும், பிள்ளைக்கு என்ன வேணும்" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் வீடியோக் கோலில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "உங்கை கறண்ட் போனாலும் பிள்ளையின்ரை படிப்பு நிக்காது" என்றார். இனசனம் எல்லாருக்கும் தெரியும், இன்னாருக்கு இன்னது வருகிறதென்று. வந்த அன்று பாயில் எல்லாரும் சுற்றி இருக்க, சொக்லேற், சவர்க்காரம், சேட்டுத்துணி என்று ஒவ்வொன்றாய் வெளியில் வந்து, கடைசியில் அந்தப் பெட்டி வந்தது. வெள்ளைப் பெட்டி. வெயிலில் பிடித்தால் நிறம் மாறுகிற ஒரு ஒட்டு. சுரண்டிப் பார்க்கிற வெள்ளிப்பூச்சு ஒன்று. மகள் உள்ளே இருந்ததை மட்டும் கொண்டுபோனாள். வெறும் பெட்டியை நான் அலுமாரிக்குள் வைத்தேன். வெளிநாட்டுப் பெட்டியை எறிய எனக்கு மனம் வராது.

அடுத்தநாள் காலமை அந்தப் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "உன்ரை அண்ணைக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பார்?" என்று இவர் படலைவரைக்கும் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி, பலாலி வீதி பஸ்ஸில் மாறி, திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட வரும்போது மகளுக்கு இன்னும் வகுப்பு முடியவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போன் கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பொடியன், முப்பது வயது இருக்கும், ஒரு போனைக் கழற்றி வைத்திருந்தான். பெட்டியை நீட்டினேன்.

"தம்பி, இது நல்லதோ கள்ளமோ எண்டு பாக்கேலுமோ?"

"பெட்டியை மட்டும் கொண்டு வந்திருக்கிறியள் அன்ரி. மாப்பிள்ளையைக் கொண்டுவராமல் சாதகத்தைக் கொண்டு வந்த மாதிரி."

"சாதகத்தைப் பாருங்கோ முதல்."

அவன் வெள்ளிப்பூச்சை நாணயத்தால் சுரண்டினான். கீழே நீளமான இலக்கம் ஒன்று. பக்கத்தில் இருந்த கட்டம் கட்டமான சதுரத்துக்கு நேரே தன் போனைப் பிடித்தான். செய்த கொம்பனியின் பக்கம் வந்தது. அதில் அந்த இலக்கத்தை அடித்தான். பச்சையாய் ஏதோ எழுதிக்கொண்டு வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் புத்தகப்பையைத் தூக்கினதைவிடச் சட்டிபானை தூக்கினதுதான் கூட. இங்கிலீசு எழுத்துக் கூட்டத்தான் வரும், விளங்காது. ஆனால் பச்சை நல்ல நிறம் என்று தெரியும்.

"ஒரிஜினல் அன்ரி. இதுக்கு முதல் ஒருத்தரும் இந்த இலக்கத்தை அடிச்சுப் பாக்கேல்லை எண்டும் போட்டிருக்கு. கள்ளப் பெட்டியெண்டால் ஒரே இலக்கத்தை ஆயிரம் பெட்டியிலை அடிச்சு விட்டிருப்பாங்கள். அப்ப பத்துப்பேர் முதலே பாத்திருப்பினம்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பையை மூடினேன். திரும்பி அடுத்த பஸ்ஸில் போய்விடலாம், மகளுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். படியால் இறங்கும்போது அவன் பின்னால் கூப்பிட்டான்.

"அன்ரி, சாமானிலையும் ஒரு இலக்கம் இருக்கும். சின்னனா. பெட்டியிலை இருக்கிற இலக்கமும் அதுவும் ஒண்டோ எண்டு பாருங்கோ. நான் பாத்தது பெட்டியைத்தானே."

அவன் அதைச் சாதாரணமாய்த்தான் சொன்னான். நான் திரும்பவும் உள்ளே போய், அது கம்பசில் படிக்கிற மகளின் அறையில் கிடக்கிறது, வேறென்ன பார்க்க வேணும், சொல்லுங்கோ என்று கேட்டேன். அவன் கழற்றின போனை விட்டுவிட்டுச் சொன்னான். மேசையில் வைத்தால் ஆடாமல் இருக்க வேணும், ஆடினால் வீங்கியிருக்கிறது. விளிம்புப் பொருத்தில் பசை வழிந்திருக்கக் கூடாது. பாரத்தை மட்டும் நம்பக்கூடாது, உள்ளே மண் நிரப்பியும் விற்கிறாங்கள். சார்ஜ் ஏறும்போது மெல்லிய சூடு எதற்கும் வரும், கை பொறுக்காத சூடுதான் வரக்கூடாது. பிறகு, எம்.ஏ.எச். என்று போட்டிருக்கிற இலக்கத்தை மூன்று தசம் ஏழால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால், பக்கத்தில் டபிள்யூ.எச். என்று போட்டிருக்கிற இலக்கம் வர வேணும்.

"அந்தக் கணக்கு எனக்கு வராது தம்பி."

"மகள் கம்பஸ் எண்டியள். அவ செய்வா."

மகளைக் கண்டபோது வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூட்டாளிகளோடு வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மாறினது. யாரோ செத்துப்போச்சினம் என்று நினைத்தாளாம். விசயத்தைச் சொன்னதும் அந்தப் பயம் கோபமாய்ப் போயிற்று.

"உதுக்கே சண்டிலிப்பாயிலை இருந்து வந்தனீங்கள்? ஒரு கோல் எடுத்திருக்கலாம்தானே!"

"கோலிலை சூடு தெரியாது பிள்ளை."

அவளின் அறைக்கு ஏறிப் போனோம். பவர்பாங்க் அவள் சொன்ன இடத்திலேயே கிடந்தது, தலையணைக்கும் சுவருக்கும் நடுவில், சார்ஜில். காலமை போட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். நான் முதலில் சுவிச்சை நிற்பாட்டினேன். பிறகு எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு பக்கத்தை விரலால் அமத்தினால் மறுபக்கம் எழும்பினது. கால் கட்டையான கதிரை மாதிரி.

"அது முந்தியிலையிருந்து உப்பிடித்தான்" என்றாள்.

"எண்டைக்கு முந்தி?"

தடிமன் பிடித்த பிள்ளை கட்டிலில் இருந்தபடி, "போன கிழமை ஆடேல்லையடி. நான் அதிலை கப் வைச்சனான்" என்றாள். மகள் அவளை முறைத்தாள்.

பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இலக்கத்தைத் தேடினோம். சாமானில் இலக்கமே இல்லை. முன்னும் பின்னும் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் இல்லை. பெட்டியில் எம்.ஏ.எச். பத்தாயிரம் என்று போட்டிருந்தது. சாமானில் இருபதாயிரம்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் மகள். "மாமா கூடினதா மாத்தி வைச்சிருக்கிறார் எண்டு நினைச்சன்."

"உனக்கு உது வித்தியாசமாத் தெரியேல்லையே?"

"கூடத் தந்தால் ஆரம்மா கேக்கிறது?"

கணக்கைச் செய்யச் சொன்னேன். மனதுக்குள்ளேயே செய்தாள். எழுபத்திநாலு வர வேணும். அதில் போட்டிருந்தது முப்பத்தியேழு. அவள் திரும்பவும் ஒருக்கால் செய்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். "இருபதாயிரம் எண்டு பேர், என்ரை போனுக்கு ஒருக்காப் போட்டாலே செத்துப்போகும்" என்று மெல்லச் சொன்னாள். அதுவரைக்கும் போனில்தான் பிழை என்று நினைத்திருக்கிறாள்.

ஆனாலும் விடமாட்டேன் என்றாள். மாமா ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாராம், நல்லா வேலை செய்யுதா என்று. சோதனை வருகிறது, போனில் பற்றறி பழசு, குறிப்பெல்லாம் போனில். கட்டிலுக்குக் கீழே வைத்துப் போடுகிறேனே என்றாள்.

"கட்டிலுக்குக் கீழையும் கட்டில்தான் பிள்ளை."

அண்ணையிடம் கேட்காமல் இது தீராது என்று தெரிந்தது. அண்ணைக்கு அங்கே இரவு வேலை. எங்கள் மத்தியானம் அவருக்கு நடு இரவில் வருகிற இடைவேளை. கோல் எடுத்தேன். குளிர் தொடங்கிவிட்டதோ, முழங்கால் எப்படி, அண்ணி சுகமோ என்று எல்லாம் கேட்டேன். கேட்கிற கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் கேட்டேன். மகள் என் முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணை... பிள்ளைக்குத் தந்த பவர்பாங்க்... நீங்கள் எந்தக் கடையிலை வாங்கினது?"

"ஏன்?"

"இல்லை, சும்மா. பெட்டியிலை இருக்கிற இலக்கம் அதிலை இல்லை."

"என்ன கதை கதைக்கிறாய்? நான் கள்ளச் சாமான் கொண்டுவந்து தந்தனானே? உவ்வளவு தூரத்திலை இருந்து காவிக்கொண்டு வந்தவனை..."

கோல் நின்றது. மகள் "சொன்னனான்தானே" என்றாள். இருந்தேன், எழும்பினேன், மேசையில் கிடந்ததைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய்ச் சீமெந்து நிலத்தில் வைத்தேன். கதவு வழி அடைபட்டால் என்ன செய்வது என்று நினைத்துத் திரும்ப எடுத்து, யன்னல் சீலை எட்டாத, மரத்தட்டில்லாத மூலையில் வைத்தேன். அண்ணையைப் பகைத்தாலும் பரவாயில்லை என்று ஒருமுறை நினைத்தேன். அப்பா போனபிறகு என்னைக் கட்டிக்கொடுத்தது அண்ணை என்று மறுமுறை நினைத்தேன்.

போன் அடித்தது. அண்ணைதான். குரல் வேறு மாதிரி இருந்தது. வேலைத்தலத்துக்கு வெளியே வந்து நிற்கிறார் போல, காற்று இரைந்தது.

"அண்ணிக்குச் சொல்லிப்போடாதை."

"சொல்லேல்லை அண்ணை."

"எயார்போட்டிலை, உதுகளைச் சூட்கேசுக்கை விடேலாது, கையிலை எடு எண்டிட்டாங்கள். சாமானைக் கையிலை எடுத்தன். பெட்டி சூட்கேசுக்கை கிடந்திட்டுது. நடுவிலை பிளேன் மாறேக்கை, என்ரை போனுக்குப் போட்டுட்டுக் கதிரையிலை விட்டிட்டு வந்திட்டன். கொழும்பிலை இறங்கித்தான் தெரியும். எல்லாருக்கும் காட்டியாச்சு, சொல்லியாச்சு. வெறும் பெட்டியோடை எப்பிடி வாறது? கொழும்பிலை தெருவோரக் கடையிலை, அந்தப் பெட்டிக்கை இறங்கக்கூடிய ஒண்டைப் பாத்து வாங்கினன்."

நானும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்பேன்.

"இப்ப அது எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"வீங்கிக்கிடக்கு."

"ஐயோ. பிள்ளையின்ரை அறைக்கையோ? எடு தங்கச்சி. இப்பவே எடு. ஞாயிறுக்கு ஞாயிறு நான் ஏன் கேக்கிறனான் எண்டு நினைச்சனீ?"

மகளுக்கும் அது கேட்டது. அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை.

எடுத்தாயிற்று, எங்கே வைப்பது? சத்தம் கேட்டு மேலே வந்த வீட்டுக்கார அம்மா, "கொண்டாங்கோ பிள்ளை, பின்வளவுக் குப்பையிலை எறிவம், நான் பின்னேரம் கொளுத்தேக்கை அதோடை போயிடும்" என்றா. நான் கத்தின கத்தில் அவ இரண்டு படி கீழே இறங்கிவிட்டா. இலைகுழையோடு எதையும் கூட்டிக் கொளுத்துகிற ஊர் இது. பொலித்தீன் எரிகிறது, செருப்பு எரிகிறது, ரோச் பற்றறியும் எரிகிறது, ஒருவரும் கவனிக்கிறதில்லை. அவவுக்கு நான் விளங்கப்படுத்தினேன்: நெருப்புக்குள்ளும் போடக்கூடாது, குத்தவும் கூடாது, நசிக்கவும் கூடாது. "அப்ப என்னதான் செய்யிறது, பூசை செய்யிறதோ?" என்று முறுகிக்கொண்டே, ஒரு பழைய பூச்செடி முட்டியும் காய்ந்த மணலும் தந்தா. மணலுக்கு நடுவில் அதை வைத்து மேலேயும் மணல் போட்டேன். முட்டியின் வாயை ஒரு வெள்ளைத் துணியால் மூடினேன்.

பஸ்ஸில் ஏற்ற மனம் வரவில்லை. மற்ற ஆக்களும் இருப்பார்கள்தானே. போன் கடைக்கு நடந்தே போகிறதென்று முட்டியை நெஞ்சிலிருந்து தள்ளி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மகள் எனக்குக் குடை பிடித்தாள். ஓட்டோ ஒன்று கிட்ட வந்து மெதுவானது. ஓட்டோக்காரன் முட்டியைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், பாடிக்கொண்டிருந்த றேடியோவை நிற்பாட்டினான்.

"சாம்பல் கரைக்கக் கீரிமலைக்கோ அம்மா? ஏறுங்கோ. மெதுவாக் கொண்டு போறன்."

"இல்லை தம்பி. இது பற்றறி."

அவன் எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, துக்கத்தில் மனம் பேதலித்துப்போனவ என்று நினைத்திருக்க வேணும், கும்பிட்டுவிட்டுப் போனான். மகளுக்குச் சிரிப்பு வந்து குடை ஆடினது. எனக்கும் வந்தது. ஆனால் முட்டி ஆடிவிடும் என்று நான் சிரிக்கவில்லை.

கடைப் பொடியன் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு முட்டியோடேயே வாங்கி, பின்பக்கம் நிழலில் வெறும் நிலத்தில் வைத்தான். பழுதான பற்றறி எடுக்கிற ஆக்கள் வரும்போது கொடுப்பதாகச் சொன்னான். புதிதாய் ஒன்று அவனிடமே வாங்கினோம். பெட்டி இலக்கம், சாமான் இலக்கம், பெருக்கல், மேசை ஆட்டம், எல்லாம் மகள்தான் பார்த்தாள். ரசீதில் கடை முத்திரையும் கேட்டு வாங்கினாள். "அன்ரியைவிட மகள் பொல்லாதவ" என்றான் அவன்.

இருள முன்னம் வீட்டுக்கு வந்துவிட்டேன். இவருக்குக் கதை முழுக்கச் சொல்லி, இவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. பிறகு மகளுக்குக் கோல் எடுத்தேன். போன் நிற்பாட்டியிருந்தது. திரும்ப எடுத்தேன். நிற்பாட்டியிருந்தது. மரப்படி, நைலோன் சீலை, மூன்று மெத்தை எல்லாம் வரிசையாய் வந்தன. தடிமன் பிடித்த பிள்ளையின் போனுக்கு எடுத்தேன்.

"அன்ரி, அவ போனிலை சார்ஜ் இல்லை. இருக்கிற ஒரு சார்ஜரிலை நீட்டு வயர் கொழுவி, புது பவர்பாங்கை நிலத்திலை வைச்சுப் போட்டிட்டு, அதுக்கு முன்னாலை குந்திக்கொண்டிருக்கிறா. இருங்கோ, குடுக்கிறன்."

"அம்மா" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. "இதுவும் சூடாகுதம்மா."

என் வாயில் வந்தது "கழட்டு" என்ற சொல்தான். அதை விழுங்கினேன். கடைப் பொடியன் சொன்னதை நினைத்தேன். சார்ஜ் ஏறும்போது மெல்லிய சூடு எல்லாவற்றுக்கும் வரும்.

"கையிலை பிடிக்கேலுமோ?"

"ஏலும்."

"வைச்சுக்கொண்டிருக்கேலுமோ, சுடுதோ?"

"சுடேல்லை. இளஞ்சூடு."

"நிலத்திலை ஆடுதோ?"

"இல்லை."

"அப்ப அது சரி பிள்ளை. அவ்வளவு சூடு வரும். பயப்பிடாதை."

இதை நான் சொன்னேன். கதவடியில் நின்ற இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போனை வையாதேங்கோ அம்மா" என்றாள். "இது நிரம்புமட்டும்."

நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். கதைக்க எங்களிடம் பெரிதாய் ஒன்றும் இருக்கவில்லை. இடைக்கிடை அவள் "இப்பவும் அவ்வளவுதான்" என்பாள். நான் "ஓம்" என்பேன்.